ஏலக்காட்டுப் பிள்ளைகளும் ஒட்டுச் சித்திரமும்

2012இல் 'ஆர்டினரி' என்ற மலையாளப் படம் ஓடிய பிறகுதான் கவி என்ற மலையூரின் பெயர் பலருக்குத் தெரிய வந்தது. பெரியார் புலிகள் காப்பகத்தை ஒட்டிய காட்டுக்குள் இருக்கும் அந்த ஊர் பத்தனம்திட்டா மாவட்டக் கணக்கில் சேர்ந்தது. அங்கே குடியிருப்பவர்களுக்கோ அரிசி பருப்பு வாங்க இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியார்தான் கதி. மூடுபனியையும் காட்டெருமையையும் பார்க்க வண்டியேறி வருகிறவர்கள் வழியில் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகளைத் தாண்டிப் போகிறார்கள். அந்த லயங்களில் இருப்பவர்கள் இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்கள். இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். 1975இல் தொடங்கப்பட்ட கேரள வனவளர்ச்சிக் கழகம் எழுபதுகளின் பிற்பகுதியில் இவர்களைக் கொண்டுவந்து ஏலத்தோட்ட வேலையில் அமர்த்தியது. வயநாட்டில் மானந்தவாடிக்கு அருகே கம்பமலைத் தேயிலைத் தோட்டமும், புனலூரைச் சுற்றிய ரப்பர் தோட்டங்களும், தமிழ்நாட்டுப் பக்கம் வால்பாறையிலும் கூடலூரிலும் அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டங்களும் இதே வரலாற்றின் கிளைகள். குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் என்பதால் இடுப்புக் குழந்தைகளும் பள்ளி வயதுப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் எழுதப்பட்டது மிகக் குறைவு. வரையப்பட்டது அதைவிடக் குறைவு.

கலவரத்தாலும் போராலும் இடம்பெயர்ந்த பிள்ளைகளின் கதையை வெளியுலகுக்குச் சொல்ல ஒட்டுச் சித்திரம் என்ற கலை, கொலாஜ் என்று ஓவியர்கள் சொல்வது, மற்றெந்தக் காட்சிக் கலையையும்விடப் பொருத்தமானது என்பது இக்கட்டுரையின் வாதம். வண்ணமும் தூரிகையும் இல்லாத இடத்திலும் அதைச் செய்யலாம் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் அதன் செயல்முறையிலேயே இருக்கிறது. ஒட்டப்படும் ஒவ்வொரு துண்டும் தான் எங்கிருந்து கிழிக்கப்பட்டதோ அந்த இடத்தையும் சுமந்துகொண்டே படத்துக்குள் வருகிறது. அகதிப் பிள்ளைகளின் வாழ்க்கையை முடிவுசெய்தவையோ பெரும்பாலும் தாள்கள். ஒப்பந்தத் தாள், பாஸ்போர்ட், குடும்ப அட்டை, முகாம் பதிவேடு, சாதிச் சான்றிதழ் கிடைக்காது என்று எழுதித் தந்த பதில். அந்தத் தாள்களையே பேசவைக்கும் கலைக்கு, அழும் முகத்தைக் காட்டும் கலைக்கு இல்லாத ஒரு வலு உண்டு. பிள்ளையை இடம்பெயர்த்த கை எது என்பதை அது பார்ப்பவர் கண்ணுக்குக் கொண்டுவருகிறது.

முதலில் அந்தத் தாள்களின் வரலாறு. 1948இல் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது; மீதியிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொண்டன. பகிரப்பட்டவர்களில் எவரையும் யாரும் கலந்து பேசவில்லை. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலில் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு முடிந்து, அங்கிருந்து எந்த மலைக்கு என்று எழுதியிருக்கிறதோ அந்த மலைக்குப் போனார்கள். ஒருகாலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றுவதற்கு முன் நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்த அதே மண்டபம். போன தலைமுறை கடல் தாண்டக் காத்திருந்த இடத்தில் அதன் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து காத்திருந்தார்கள். அத்தனை தாள்களிலும் ஒரு குழந்தை, பெற்றோரின் விண்ணப்பத்துக்குக் கீழே ஒரு வரி: பெயர், வயது, உறவு. அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த இடம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கவிக்கும் கம்பமலைக்கும் வந்தவர்கள் ஒப்பந்தப்படி குடியுரிமையோடு வந்தவர்கள். அவர்களைப் போர் அகதிகள் என்று சொல்லலாமா? நியாயமான கேள்விதான். பலரைக் கப்பலேற்றியது பசி. 1972இலும் 1975இலும் வந்த நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகி நிர்வாகம் குழம்பியதும், 1973-74இன் உணவுப் பஞ்சமும் லயங்களில் சாவுகளையே கொண்டுவந்தன. அவர்களை உள்நாட்டுப் போரின் அகதிகள் என்று ஒரே வாக்கியத்தில் அடக்கினால் அது பிழை. ஆனால் 1977 ஆகஸ்ட் கலவரம் மலையகத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. லயங்கள் எரிந்தன. தப்பியவர்களில் ஒரு பகுதியினர் வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடந்தார்கள். இன்னொரு பகுதியினர் கையிலிருந்த இந்தியத் தாளை எடுத்துக்கொண்டு தலைமன்னாருக்குப் போனார்கள். விண்ணப்பம் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த குடும்பம் ஒரு கலவரத்துக்குப் பிறகு கப்பலேறினால், அது தாயகம் திரும்பியதா, உயிர் தப்பியதா? சட்டப் பிரிவு ஒன்றைச் சொல்கிறது. அந்தக் குழந்தை கண்டது இன்னொன்று. வடக்கே போனவர்களை அடுத்து வந்த உள்நாட்டுப் போர் பிடித்துக்கொண்டது. 1983க்குப் பிறகு அவர்களில் பலர் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இன்றும் மலையகத் தமிழர் கணிசமாக இருக்கிறார்கள். ஒரே தோட்டத்து அண்ணன் தம்பியரில் ஒருவன் 1978இல் வந்து குடிமகன் ஆனான், மற்றவன் 1990இல் வந்து அகதி ஆனான் என்பது கற்பனை செய்யத் தேவையில்லாத அளவுக்கு எளிதாக நடந்திருக்கக்கூடியது.

பாலக்காட்டு எல்லையில் இந்த இரண்டாவது கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூர் வட்டத்துக் கிராமங்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. கேரள அரசே தமிழில் பாடநூல் அச்சிட்டுத் தருகிறது. பாலக்காடு மாவட்டத்துப் பறம்பிக்குளத்துக்குச் சாலைவழி போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போக முடியும். அந்தப் பக்கத்திலேயே, வால்பாறை மலைச்சாலை ஏறத் தொடங்கும் ஆழியாறில், இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. முகாமில் வளர்ந்த பையனும், மலைமேல் டான்டீ லயத்தில் வளர்ந்தவனும், எல்லைக்கு அப்பால் கொழிஞ்சாம்பாறையில் படித்தவனும் ஒரே சந்தைக்கு வந்து போகிறவர்கள். ஒரே சினிமா பார்க்கிறவர்கள். இருந்தும் இவர்களுக்கு நடுவே ஒரு தேதி நிற்கிறது. இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். ஜூன் 30 இரவு பிறந்த குழந்தைக்கும் மறுநாள் விடிகாலை பிறந்த குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் புகைப்படக்காரராலும் படம் பிடிக்க முடியாது. இரண்டு பிறப்புச் சான்றிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் அது தெரிந்துவிடும்.

ஒட்டுச் சித்திரத்தின் பிறப்பை 1912இல் பிரான்சில் பிக்காசோவும் பிராக்கும் நாளிதழ்த் துண்டையும் எண்ணெய்த் துணியையும் கித்தானில் ஒட்டியதில் தொடங்குவது கலை வரலாற்றின் வழக்கம். அகதிகளின் கோணத்தில் பார்த்தால் வேறு பெயர்கள் முன்னுக்கு வருகின்றன. முதல் உலகப் போர் முடிந்த கையோடு பெர்லினில் ஹன்னா ஹோக் செய்தித்தாள் படங்களை வெட்டி அரசியல் சித்திரங்கள் செய்தார். அதே நகரத்து ஜான் ஹார்ட்ஃபீல்ட் நாஜிகளின் சொந்தப் படங்களையும் சொந்தப் பேச்சையும் வெட்டியெடுத்து அவர்களுக்கு எதிராகவே ஒட்டினார். 1933இல் நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. குர்ட் ஷ்விட்டர்ஸ் 1937இல் நார்வேக்கும், 1940இல் அங்கும் ஜெர்மானியப் படை வந்தபோது பிரிட்டனுக்கும் தப்பியவர். தப்பியவரைப் பகை நாட்டுக்காரர் என்று பிரிட்டிஷ் அரசு ஐல் ஆஃப் மேன் தீவின் ஹட்சின்சன் முகாமில் அடைத்தது. கையில் கிடைத்ததை வைத்து அங்கேயும் வேலை செய்தார். பயணச்சீட்டும் உறைக் காகிதமும் மிட்டாய்த் தாளும் அவர் படங்களில் அப்படி அப்படியே இருக்கும், அச்செழுத்து மறையாது. அடித்துத் துரத்தப்பட்டவர்களின் கையில் இந்தக் கலை இவ்வளவு இயல்பாகப் போய்ச் சேர்ந்ததற்குப் பொருள் தட்டுப்பாட்டைத் தாண்டியும் காரணம் உண்டு. தன்னைத் துரத்தியவனின் கையெழுத்தைத் தன் சித்திரத்துக்குள் அப்படியே வைத்துக்காட்ட வேறு கலை எதிலும் வழியில்லை.

இந்த வரலாற்றின் நடுவில் டெரெசின் இருக்கிறது. செக் நாட்டில், பிராகா நகருக்கு வடக்கே, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கோட்டை நகரம். 1942 டிசம்பரில் அங்கே கொண்டுவரப்பட்டவர்களில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் ஒருவர். வியன்னாவில் 1898இல் பிறந்து வைமாரின் பவுஹவுஸ் பள்ளியில் யோஹான்னஸ் இட்டனிடம் பயின்ற ஓவியர். தனக்கு அனுமதித்த மூட்டையில் ஓவியப் பொருள்களை அவர் திணித்துக்கொண்டு வந்தார். குழந்தைகளுக்கான விடுதிகளில் ரகசியமாகவும் அரைகுறை அனுமதியோடும் வகுப்பு எடுத்தார். தாள் தீர்ந்தபோது அலுவலகக் கழிவுத் தாளும் பழைய படிவங்களும் பொதி கட்டிய காகிதமும் வந்தன. அந்தப் பிள்ளைகளின் ஒட்டுச் சித்திரங்களை உற்றுப் பார்த்தால், மலைக்காகவும் வீட்டுக்காகவும் வெட்டிய துண்டுகளில் கணக்குப் படிவத்தின் கோடுகளும் கட்டங்களும் அச்சடித்த எழுத்துகளும் தெரியும். ஒரு குழந்தை வானம் என்று ஒட்டிய துண்டில் பற்று வரவுக் கட்டம் ஓடுகிறது. மனிதர்களை எண்ணிப் பட்டியலிட்டு ரயிலேற்றிய முகாமில் கிடைத்த தாள் அது. குழந்தை அதை எண்ணிச் செய்திருக்காது. ஆனால் எண்பது ஆண்டு கழித்துப் பார்க்கிற நமக்கு அந்த வானம் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்கிறது.

டிக்கர்-பிராண்டைஸ் இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு படத்திலும் பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும் என்று வலியுறுத்தினார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். போகும் முன் படங்களை இரண்டு பெட்டிகளில் அடைத்துவைத்துவிட்டுப் போயிருந்தார். போர் முடிந்ததும் அவை பிராகாவுக்கு வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பெயர் எழுதியிருந்ததால், பெயரோடு பிறந்த தேதியும் நாடு கடத்தப்பட்ட தேதியும் பதிவேடுகளிலிருந்து தேடி எடுக்க முடிந்தது. அந்தப் பெயரெழுத்து இல்லாதிருந்தால் அவை 'முகாம் குழந்தைகளின் ஓவியம்' என்ற பொதுப் பேருக்குள் அடங்கியிருக்கும்.

டெரெசினே இந்த வாதத்துக்கு எதிரான மிகக் கடுமையான சான்றும் ஆகும். 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகள் அங்கே வந்தார்கள். நாஜிகள் தெருவைக் கழுவி, கடை முகப்புகளுக்கு வண்ணமடித்து, குழந்தைகளை விளையாடவைத்துக் காட்டினார்கள். வந்தவர்கள் நம்பிப் போனார்கள். குழந்தைகளின் கலையும் பாட்டும் விளையாட்டும் எவ்வளவு எளிதாகக் கொடுமையை மூடும் திரையாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம் நாட்டில் அரசு விழா மேடைகளில் முகாம் பிள்ளைகளை ஆடவைத்துப் படமெடுப்பதற்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஆனால் இந்தச் சான்று எதை மறுக்கிறது என்று பார்க்க வேண்டும். வந்தவர்களுக்குக் காட்டியது மகிழ்ச்சியான முகங்களை. அந்த முகங்களுக்குப் பின்னால் நாடு கடத்தல் பட்டியல் ஒன்று ஓடிக்கொண்டிருந்ததை அவர்கள் கேட்கவில்லை. தாளைக் காட்டும் கலையை அப்படித் திரையாக்குவது கடினம். முகத்துக்கு வண்ணம் பூசிவிடலாம். படிவத்தின் கட்டம் கட்டமாகவே நிற்கும்.

புகைப்படத்துக்கு உள்ள வீச்சு ஒட்டுச் சித்திரத்துக்கு ஏது என்பது அடுத்த மறுப்பு. உண்மை, வீச்சில் போட்டியே இல்லை. 1984இல் பெஷாவர் அருகே நாசிர் பாக் முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் 1985 ஜூனில் 'நேஷனல் ஜியோகிராபிக்' அட்டையில் வந்து உலகம் சுற்றியது. அந்தச் சிறுமியின் பெயர் சர்பத் குலா என்று உலகுக்குத் தெரிய 2002 வரை ஆயிற்று. பதினேழு ஆண்டுகள் அந்தக் கண்களைப் பார்த்து உருகியவர்களில் ஒருவருக்கும் அவள் யாரென்று தெரியாது. 2015 செப்டம்பர் 2இல் துருக்கியின் போத்ரும் கடற்கரையில் ஆலன் குர்தி என்ற சிரியக் குழந்தையின் உடல் ஒதுங்கிய படத்துக்கு நேர்ந்தது இன்னும் தெளிவானது. ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சிரிய அகதிகளுக்கென வந்த நன்கொடை ஒரே வாரத்தில் பல மடங்கு ஏறியது. ஆறு வாரத்தில் பெருமளவு இறங்கிவிட்டதை உளவியலாளர் பால் ஸ்லோவிக்கும் உடனாய்வாளர்களும் 2017இல் எழுதினார்கள். படம் உலுக்கியது. உலுக்கல் தங்கவில்லை. அடுத்த ஆண்டே சீனக் கலைஞர் ஐ வெய்வெய் கிரீஸின் லெஸ்போஸ் கரையில் அந்தக் குழந்தை கிடந்த வாக்கிலேயே தான் படுத்துப் படமெடுத்துக்கொண்டார். ஓர் இந்திய ஆங்கில இதழுக்காக எடுத்த படம் அது. அக்கறையால் செய்தார் என்பதை ஏற்கலாம். ஆனால் அதற்குள் அந்தக் குழந்தை ஒரு சின்னமாகச் சுருங்கிவிட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்து அணியக்கூடிய சின்னம்.

இதற்குச் சரியான பதில் நம் மலைகளுக்கு மேற்கே சில மணி நேரத் தொலைவில்தான் வந்தது. 2016 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிறி பியனாலேயில், ஃபோர்ட் கொச்சியின் ஆஸ்பின்வால் கட்டடத்துக் கிடங்கு ஒன்றில் சிலிக் கவிஞர் ராவுல் சுரீட்டா கடல்நீரைத் தேக்கியிருந்தார். பார்வையாளர் அந்த நீருக்குள் நடந்து போய்ச் சுவரிலிருந்த கவிதையைப் படிக்க வேண்டும். 'வலியின் கடல்' என்ற அந்தப் படைப்பை அவர் ஆலனுக்குக் காணிக்கையாக்கவில்லை; அதே படகில் மூழ்கிய அண்ணன் காலிப் குர்திக்குக் காணிக்கையாக்கினார். உலகம் பார்த்த படத்தில் இல்லாத பிள்ளை அவன். சுரீட்டாவே 1973 ராணுவப் புரட்சியில் பிடிபட்டுக் கப்பலில் அடைபட்டவர். படம் எடுக்கப்படாத பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்ற கேள்வியை அவர் நேராக எடுத்தார். கவியின் பிள்ளைகளும் ஆழியாறு முகாமின் பிள்ளைகளும் அந்தக் கேள்விக்குள் வருகிறவர்கள். அவர்களுக்கென்று உலகறிந்த படம் ஒன்றும் இல்லை. இருப்பது தாள்கள்.

தமிழில் இந்த வழியை மிகத் தெளிவாகக் கண்டவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன். 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த 'அகம் புறம்' கண்காட்சியில் வீடு வீடாகச் சேகரித்த சிறு பொருள்களைக் கண்ணாடிப் போத்தல்களில் இட்டு வரிசையாக வைத்தார். 1981இல் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு, பின்பு கட்டியெழுப்பப்பட்ட நூலகம். புத்தகம் இருந்த இடத்தில் மக்கள் தந்த துண்டுப் பொருள்கள். 2011இல் வந்த 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' நூல் அதிலும் ஒரு படி மேலே போனது. இடம்பெயர்ந்தவர்களை அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவர்கள் கைப்படக் கோணல்மாணலாக வரைந்த தாள், அதைக் கட்டடக் கலைஞர் அளவெடுத்து வரைந்த தாள், ஓவியர் அந்த நினைவுக்குத் தந்த சித்திரம் என மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. நூல் முழுவதும் அலுவலகக் கோப்பின் வடிவில் இருக்கிறது. தோம்பு என்பது போர்த்துக்கீசர் காலம்முதல் யாழ்ப்பாணத்தில் நிலத்துக்கு இருந்த பதிவேடு. நிலத்தை இழந்தவர்கள் அரசாங்கத்தின் பதிவேட்டு வடிவத்தையே எடுத்துத் தங்கள் நிலத்தைப் பதிந்துகொள்கிறார்கள். ஹார்ட்ஃபீல்டின் தந்திரமும் டெரெசின் பிள்ளைகளின் தாளும் இங்கே தமிழில் வந்து சேர்கின்றன. மட்டக்களப்பில் 1996இல் கனடாக்காரரான பால் ஹோகனும் இயேசு சபைக் குரு பால் சற்குணநாயகமும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா வேறு வகை. போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்து மண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் விளையாடவிட்ட இடம். அங்கே குறி பிள்ளையின் மனம் ஆறுவது. வெளியாருக்குக் காட்டுவதற்கு இரண்டாம் இடம்கூட இல்லை. இந்த இரண்டையும் குழப்பக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். மனம் ஆறச் செய்த படத்தை அந்தப் பிள்ளையைக் கேட்காமல் சுவரில் மாட்டி விழிப்புணர்வு என்று பெயர் வைப்பது களவு.

அப்படியானால் இந்தக் கேரள-தமிழ்நாட்டு எல்லையில் செய்யக்கூடிய ஒட்டுச் சித்திரத்துக்கு என்ன விதி? முதல் விதி, மூலத் தாளில் கத்தரி படக் கூடாது. டெரெசினில் அந்தப் படிவங்கள் கழிவு. இங்கே அந்தத் தாள்கள் உயிரோடு இருக்கின்றன; பாட்டியின் பழைய பாஸ்போர்ட்டும் மண்டபம் பதிவும் இன்றைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வீட்டுப் பட்டாவுக்கும் ஆதாரமாகக் கேட்கப்படுகின்றன. கவியிலும் புனலூர்ப் பக்கத் தோட்டங்களிலும் சான்றிதழும் பட்டாவும் கிடைப்பதில் ஆண்டுக்கணக்காகச் சிக்கல் நீடிப்பதற்கு, இவர்கள் கேரளத்தின் பழைய பட்டியல்கள் எதிலும் இல்லாமல் நடுவில் வந்தவர்கள் என்பதே காரணம். ஆகவே நகல்தான் ஒட்டப்பட வேண்டும். நகல் எடுப்பதே ஒரு காப்புப் பணியும் ஆகும். இரண்டாவது, பெயர் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் முடிவுசெய்ய வேண்டும். டெரெசினில் பெயர் காப்பாற்றியது. குடியுரிமை நிச்சயமில்லாத முகாமில் பெயர் ஆபத்தாகவும் முடியலாம். ஒரு நல்ல எடுத்துக்காட்டை எல்லா இடத்துக்கும் சட்டமாக்க முடியாது. மூன்றாவது விதி பொருளைப் பற்றியது. ஏலக்காய்த் தட்டையும் தேயிலைப் பையும் ஓணான்கொடியும் தாளோடு சேரட்டும். ஹட்டன் மலையிலிருந்து வந்த இலங்கை ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையே எடுத்துத் தோட்டத் தொழிலாளர் வாழ்வைச் செய்து காட்டியிருக்கிறார். பறிக்கும் கையும் குடிக்கும் வாயும் ஒரே பொருளில் சந்திக்கின்றன. கவியின் ஏலமும் அப்படி இரு பக்கமும் தெரிந்த பொருள்.

கடைசி மறுப்புதான் எனக்குப் பெரிதாகப் படுவது. படம் ஒட்டினால் பட்டா வருமா? முகாமில் பிறந்த பெண்ணுக்கு ஒரு கண்காட்சியா குடியுரிமை தரும்? தராது. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த மலையகத் தமிழர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது; அதைக் கொண்டுவந்தது வழக்கு, ஓவியம் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தோடு முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று அறிவித்தது. அது நிர்வாகத்தின் முடிவு. கலை இவற்றில் எதையும் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனால் அந்த வழக்கு எதைக் கொண்டு நடந்தது என்று பாருங்கள். தாத்தாவின் விண்ணப்பம் எந்த ஆண்டு, ஒப்பந்தத்தில் பெயர் இருந்ததா, எந்தக் கலவரத்தில் எந்தத் தாள் எரிந்தது என்ற துண்டுகளை அடுக்கி, இவர்கள் இந்திய வம்சாவளியினர்தான் என்று காட்ட வேண்டியிருந்தது. பிள்ளைகள் பள்ளியில் அந்தத் துண்டுகளைத் தேடி, நகலெடுத்து, வரிசைப்படுத்தி ஒட்டக் கற்றால், தங்கள் குடும்பத்தின் வழக்கைத் தாங்களே அறிந்துகொள்கிறார்கள். வீட்டுப் பெட்டியில் எந்தத் தாள் இருக்கிறது, எது இல்லை என்று பதினான்கு வயதில் தெரிந்த பிள்ளை இருபது வயதில் தாலுகா அலுவலகத்தில் வெறுங்கையோடு நிற்காது.

ஆகவே விழிப்புணர்வு யாருக்கு என்ற கேள்வியும் மாறுகிறது. கொச்சியின் கலைக்கூடத்துக்கு வரும் வெளியூர்க்காரர் பார்த்தால் நல்லது. பார்க்காவிட்டாலும் பெரிய நட்டமில்லை. இந்தச் சித்திரங்கள் முதலில் மாட்டப்பட வேண்டிய சுவர்கள் வண்டிப்பெரியாரின் தமிழ்வழிப் பள்ளியிலும் கொழிஞ்சாம்பாறைப் பள்ளியிலும் இருக்கின்றன. அங்கே பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்ப் பிள்ளைக்கே, இவன் எந்தக் கப்பலில் வந்த குடும்பத்துப் பிள்ளை என்பது தெரியாது. அதற்கு அடுத்த சுவர் பீர்மேடு, சித்தூர் தாலுகா அலுவலகங்களில் இருக்கிறது. சான்றிதழ் கேட்டு வருகிறவர் வரிசையில் நிற்கும் இடத்தில், எழுத்தர் தலை நிமிர்ந்தால் கண்ணில் படும் உயரத்தில்.